உதட்டு அக்கி: கடையில் வந்து கேட்ட கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் பார்மசிஸ்ட். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் சிலர் உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுவார்கள். அவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று கடை வாசலிலேயே தெரிந்துவிடும். அப்பா தோட்டத்து டிரெசராக, அதாவது மருந்து போடும் உதவியாளராக இருந்தவர். அவர் காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் புண் வந்தாலும் ஊதா மருந்துதான். வாயெல்லாம் ஊதாவாகத் திரிவார்கள். இப்போது நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் சந்தேகங்கள் அதேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"உதட்டு ஓரத்துல கொத்தா கொப்புளம். ராத்திரி பல்லி ஏதும் மூத்திரம் அடிச்சிருக்குமோ?"

பல்லி பாவம், அதை விட்டுவிடுங்கள். எட்டுக்கால் பூச்சியும் காரணமில்லை. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். அதிலும் உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை, அதாவது எச்.எஸ்.வி.-1. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இது இருக்கிறது. பலருக்குச் சின்ன வயதில், யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். வந்ததே தெரியாமல் வாழ்கிறவர்கள்தான் அதிகம்.

நாம் இதை அக்கி என்கிறோம். இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டை போட்டு எரிகிறதே, அதையும் அக்கி என்றுதான் சொல்கிறோம். மலாய்க்காரர்கள் கயாப் என்பது அந்த இரண்டாவதை. அது சின்னம்மை வைரஸ் பல வருஷம் கழித்துத் திரும்பி வருவது. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஆள் வேறு, மாத்திரை அளவும் வேறு. அதனால் "அக்கிக்கு மருந்து" என்று மட்டும் கேட்காமல், எங்கே வந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

"போயிடுச்சுன்னு நெனச்சேன். ஆறு மாசம் கழிச்சு அதே இடத்துல வருதே?"

புண் ஆறிவிடும், வைரஸ் போகாது. முகத்துக்குப் போகும் நரம்பு ஒன்று காதுக்கு முன்புறம், மண்டை ஓட்டுக்குள் ஒரு முடிச்சாக இருக்கிறது. வைரஸ் அந்த முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு கொஞ்சம் தளர்ந்தால் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். ஒரே பாதை என்பதால்தான் அநேகமாக ஒரே இடம். அதை அங்கிருந்து அடியோடு கிளப்பும் மருந்து இன்றுவரை இல்லை, தடுப்பூசியும் இல்லை. "இனிமேல் வராது" என்று சொல்லி யாராவது பாட்டில் விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"உடம்பு சூடுன்னு அம்மா சொல்றாங்க. இளநி குடிச்சா போதுமா?"

அம்மா சொல்வதில் பாதி சரி. காய்ச்சல் வந்தால் இது வரும், கடும் வெயில் பட்டாலும் வரும். உதட்டில் படும் வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைத் தட்டி எழுப்புகிறது. காலையிலிருந்து மதியம் வரை செம்பனைக் குலை அறுக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கீழ் உதட்டில் அடிக்கடி வருகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் அவர்கள் நிறையப் பேர். தூக்கமில்லாமை, மனக் கவலை, மாதவிலக்கு, பல் பிடுங்குவது, சளிக்காய்ச்சல் ஆகியவையும் தூண்டும்.

இளநீர் குடியுங்கள், நல்லதுதான். வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதைவிட, வெயில் காப்பு எண் 30 போட்ட லிப் பாம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவுங்கள். அகல விளிம்புத் தொப்பியும் போடுங்கள். லிப் பாம் பொம்பளைங்க சாமான் என்று ஒரு அண்ணன் வாங்க மறுத்தார். மூன்றாவது தடவை வந்தபோது வாங்கிப் போனார்.

"வாய்க்கு உள்ள வெள்ளையா புண்ணு. இதுவும் அதுதானா?"

பெரும்பாலும் இல்லை. கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, உதட்டின் உள்பக்கம் ஆகிய இடங்களில் வெள்ளைக் குழியும் சுற்றிச் சிவப்புமாக வருவது சாதாரண வாய்ப்புண். அது வைரஸ் இல்லை, தொற்றாது, அக்கி மருந்தும் அதற்கு உதவாது. அக்கி திரும்பி வரும்போது உதட்டின் வெளிவிளிம்பில் நீர்க்கொப்புளமாகக் கொத்தாக வரும், உடையும், பொருக்குக் கட்டும். 7 முதல் 10 நாளில் ஆறும்.

வாயின் இரண்டு கோடியிலும் வெடித்திருந்தால் அது வேறு. பல் செட் போட்ட தாத்தா பாட்டிகளுக்கும் இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கும் அப்படி வரும், பூஞ்சைக் கிரீம் தேவைப்படலாம். பிள்ளைகளுக்குத் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிப் பரவினால் அது பாக்டீரியா. மூன்று வாரமாகியும் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ காட்டியே ஆக வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் அந்த மூன்று வாரமும் காத்திருக்காதீர்கள்.

"கிரீம் போட்டாலும் பத்து நாள், போடாட்டியும் பத்து நாள். அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. இந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் கிரீம் சரியான நேரத்தில் போட்டாலே அரை நாளிலிருந்து ஒரு நாள்தான் குறைக்கும். தப்பான நேரத்தில் போட்டால் அதுவும் இல்லை. நம் ஆட்கள் வருவது கொப்புளம் உடைந்து, பொருக்குக் கட்டி, ஊரே பார்த்த பிறகு. அதற்குள் வைரஸ் தன் வேலையை முடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் வருகிறவர்களுக்கு நான் கிரீம் விற்பதில்லை. வேஸ்லின் தடவி வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலித்தால் பெனடோல் (பாராசிட்டமால்) போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலருக்கு அதில் கோபம்.

சரியான நேரம் எது என்றால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அந்த முதல் சில மணி நேரம். உதட்டில் ஒரு இடம் மட்டும் சுருக் சுருக்கென்று குத்தும், அரிக்கும், விறுவிறுக்கும். இரண்டு தடவை வந்தவர்களுக்கு மூன்றாவது தடவை அந்த உணர்வு நன்றாகத் தெரியும். அப்போதே ஆரம்பிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 5 தடவை, 5 நாள். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று போட்டால் பலன் இல்லை. போடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். தேய்க்காமல் ஒற்றி வையுங்கள்.

குத்தல் ஆரம்பித்த பிறகு கடை தேடி வந்தால் பாதி நேரம் போய்விடும். தோட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு இதுதான் சிக்கல். அடிக்கடி வருகிறவர் என்றால் ஒரு சின்ன டியூபை வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

"மாத்திரை போட்டா சீக்கிரம் போயிடுமாமே?"

கிரீமைவிட மாத்திரை மேல். வாலாசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு 2 கிராம் ஒரு வேளை, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு முடிந்தது. அசைக்ளோவிர் மாத்திரை என்றால் வழக்கமாக 200 மில்லிகிராம் நாளுக்கு 5 தடவை, 5 நாள். எதுவானாலும் முன் பதிலில் சொன்ன நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும். இவற்றுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், நான் சும்மா எடுத்துத் தர முடியாது. எல்லோருக்கும் மாத்திரை தேவையும் இல்லை. வருஷத்தில் ஒரு தடவை சின்னதாக வந்து போகிறவருக்கு எதற்கு?

இந்த மருந்தின் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் பிடிக்கும். விழுங்கும்போது அது தூங்குகிற மருந்து. வைரஸ் தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் ஒரு நொதிதான் அதை எழுப்பிவிடுகிறது. எழுந்ததும் வைரஸ் பெருகுவதை நிறுத்துகிறது. வைரஸ் இல்லாத செல்லில் அது அநேகமாகச் சும்மா கிடக்கும், அதனால் பக்க விளைவு குறைவு. இந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த மருந்துக்கு மட்டும் இல்லை, வாழ்நாள் உழைப்புக்கு.

"ஆன்டிபயோட்டிக் ஒரு அட்டை கொடுங்களேன்."

வைரஸுக்கு அது கேட்காது. புண்ணில் சீழ் பிடித்துச் சுற்றிலும் சிவந்து வீங்கினால் மட்டும் டாக்டர் முடிவு செய்வார். இன்னொன்று, படைக்கும் அரிப்புக்கும் வாங்கி வைத்த கலப்புக் கிரீம் வீட்டில் இருக்கும். அதில் அநேகமாக ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை இதன்மேல் தனியாகப் போட்டால் வைரஸுக்குக் கதவைத் திறந்து விட்டதுபோல் ஆகும்.

"கோடாலித் தைலம், பற்பசை, சுண்ணாம்பு... எது நல்லது?"

மூன்றும் வேண்டாம். எரிச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். வெந்த தோல் ஆற இன்னும் இரண்டு நாள் கூடத்தான் ஆகும். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் பாட்டிகள் கப்பலில் கொண்டு வந்தது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பத்து நாளில் ஆறுவதால் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆறாத புண்ணில் மண் பூசுவதுதான் எனக்குப் பயம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஐந்து பத்து நிமிஷம் வைப்பது நல்லது, வலியும் வீக்கமும் குறையும்.

தேன் பற்றி மட்டும் ஒரு சுவையான செய்தி. நியூசிலாந்து மருந்துக் கடைகளில் 952 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2019-இல் வெளியிட்டார்கள். அந்நாட்டுக் கானூக்கா மரத் தேனால் செய்த கிரீம் ஒரு பக்கம், அசைக்ளோவிர் கிரீம் ஒரு பக்கம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேன் பிரமாதம் என்பதைவிட, கிரீமின் பலனே அவ்வளவுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது மருத்துவத்துக்கென்று பதப்படுத்திய தேன். நம் ஊர் கெலுலுட் (கொடுக்கில்லாத தேனீ) தேனைத் தடவினால் இதே பலன் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை வாயில் எந்தத் தேனும் வைக்கக் கூடாது.

"தைப்பூசத்துக்கு அலகு போடறதா வேண்டுதல். விரதத்துலயே உதட்டுல வந்திருச்சு. தெய்வ குத்தமா, அண்ணே?"

குற்றம் ஒன்றும் இல்லை தம்பி. வாரக்கணக்கில் விரதம், ஒருவேளைச் சாப்பாடு, வேலை முடிந்து ராத்திரி பஜனை, தூக்கம் குறைவு, அதற்கு மேல் வெயில். மேலே சூடு பற்றிய கேள்வியில் சொன்ன தூண்டுதல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்கிறதே, வராமல் என்ன செய்யும்?

ஆனால் புண் இருக்கும்போது கன்னத்திலோ நாக்கிலோ உதட்டிலோ குத்தாதீர்கள். கொப்புளத்து நீர் புதுக் காயத்தில் பட்டால் அங்கேயும் வரலாம். உங்களுக்குக் குத்தும் கை அடுத்தவருக்கும் குத்தும், அதையும் யோசியுங்கள். பொருக்கு விழுந்து தோல் மூடிய பிறகு என்றால் சரி. நாள் போதவில்லை என்றால் இந்த வருஷம் பால்குடம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் உங்கள் அம்மாவை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். வருஷா வருஷம் இதே சமயத்தில் வருகிறது என்றால் அடுத்த வருஷம் விரதம் தொடங்கும்போதே டாக்டரைப் பாருங்கள், முன்கூட்டியே மாத்திரை கொடுக்க வழி இருக்கிறது.

"ரெண்டு வயசுப் பையன். காய்ச்சல், ஈறெல்லாம் வீங்கி எச்சி ஒழுகுது. கை கால் வாய் நோயா?"

இருக்கலாம், ஆனால் ஈறைப் பாருங்கள். கை கால் வாய் நோயில் புண் தொண்டைப் பக்கம் அதிகம், உள்ளங்கை உள்ளங்காலில் புள்ளி தெரியும். ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசிந்து, நாக்கு உதடு எல்லாம் புண்ணாக இருந்தால் அது ஹெர்பிஸின் முதல் வருகையாக இருக்கலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இது அதிகம். ஆற இரண்டு வாரம்கூட ஆகும். பார்க்கிறவர்களுக்குத்தான் பொறுக்காது.

முதல் 72 மணி நேரத்துக்குள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதாரக் கிளினிக்குக்கோ குழந்தை டாக்டரிடமோ கொண்டு போனால் அசைக்ளோவிர் சிரப் கொடுப்பார்கள், எடையைப் பார்த்து அளவு சொல்வார்கள். வீட்டில் உங்கள் வேலை தண்ணீர் கொடுப்பது. குளிர்ந்த பால், கஞ்சித் தண்ணி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் பெனடோல் சிரப் கொடுத்தால் விழுங்குவான். வாய்ப்புண் ஜெல் சிலவற்றில் சாலிசிலேட் இருக்கும், பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம். ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எச்சில் ஒழுகும்வரை தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) அனுப்ப வேண்டாம்.

"பேரப்பிள்ளைய முத்தம் கொடுக்காதேன்னா என்னாங்க அர்த்தம்? அந்தக் காலத்துல நாங்க கொடுக்கலியா?"

பாட்டி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு இந்த வைரஸ் உதட்டோடு நிற்காது. மூளைக்கும் ஈரலுக்கும் போகும். உயிரே போகலாம், பிழைத்தாலும் மூளை பாதிக்கலாம். இது அபூர்வம்தான். ஆனால் வந்தால் 14 முதல் 21 நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

நம் முறையில் முப்பது கழியும்வரை தாயையும் பிள்ளையையும் தனியாக வைப்போம், கண்டவரும் தூக்க மாட்டார்கள். தீட்டு என்ற பெயரில் செய்தாலும் குழந்தைக்கு அது நல்ல காவல். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே வரிசையில் நின்று கொஞ்சுகிறோம். உதட்டில் கொப்புளமோ பொருக்கோ குத்தலோ இருந்தால் பிள்ளையிடம் போகாதீர்கள். புண் இல்லாதபோதும் எச்சிலில் வைரஸ் சில நாள் வெளிவரும். அதனால் முதல் மாதம் யாராக இருந்தாலும் முகத்தில் முத்தம் வேண்டாம், கையைக் கழுவிவிட்டுக் காலைத் தொட்டுக் கொஞ்சுங்கள். விரலில் சர்க்கரைத் தண்ணி தொட்டு நாக்கில் வைப்பது, மென்று ஊட்டுவது இரண்டும் வேண்டாம்.

பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, கொப்புளம் தெரிந்தாலோ என் கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

"எனக்கே உதட்டுல வந்திருக்கு. பால் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம், பாலில் இது வராது. முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். முத்தம் பற்றி மேலே பாட்டிக்குச் சொன்னது உங்களுக்கும்தான். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

"நான் ரொட்டி சானாய் போடறவன். கடைய மூடணுமா? எம்.சி. கிடைக்குமா?"

மூட வேண்டாம். உதட்டைத் தொடாமல், தொட்டால் கை கழுவி, முகக்கவசத்தோடு வேலை செய்யலாம். டம்ளர், துண்டு, சிகரெட், லிப்ஸ்டிக் ஆகியவற்றைப் பொருக்கு விழும்வரை பங்கு போடாதீர்கள். எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு டாக்டர் விருப்பம், சும்மா உதட்டு அக்கிக்குக் கிடைப்பது கஷ்டம்.

"இது ஒரு மாதிரி நோய்னு இணையத்துல போட்டிருக்கு. கல்யாணமாகிப் பத்து வருஷம், இப்பதான் அவருக்கு வருது. நான் என்னா நெனைக்கிறது?"

இதைக் கேட்க வந்த அக்கா, கடையில் ஆள் போகும்வரை அரை மணி நேரம் ஷாம்பூ பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் வருவதை வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது. முதல் கேள்வியில் சொன்னபடி சின்ன வயதில் வந்து, இத்தனை வருஷம் நரம்பில் கிடந்து, இப்போது வேலைச் சுமையில் எழுந்திருக்கலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உதட்டில் புண் இருக்கும்போது வாய்வழி உறவு கொண்டால் இதே வைரஸ் பிறப்புறுப்புக்குப் போகும். ஆறும்வரை அதுவும் முத்தமும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கிறவர்கள் இதில் ரொம்பக் கவனம், அதிலும் கடைசி மூன்று மாதத்தில்.

"அப்பாவுக்கு இனிப்பு நீர், வாரம் மூணு தடவை டயாலிசிஸ். தங்கச்சியோட மாத்திரை மிச்சம் இருக்கு, கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இந்த மாத்திரைகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு சாதாரண அளவு கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி, உளறல், கை நடுக்கம், மயக்கம் என்று போகும். வயதானதால் உளறுகிறார் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். டயாலிசிஸ் டாக்டரிடம் கேட்டு, குறைத்த அளவில்தான் தர வேண்டும். கிரீமுக்கு இந்தக் கவலை இல்லை.

கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் உதட்டில் வந்த அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் கரப்பான் உள்ள பிள்ளைக்கு அந்தத் தோலில் கொப்புளமும் குழிப் புண்ணும் பரவினால் அதுவும் அவசரம்.

"உதட்டுல இருந்தது, இப்ப கண்ணும் சிவந்து கூசுது. கண் சொட்டு மருந்து இருக்கா?"

இருக்கிறது, ஆனால் தர மாட்டேன். கருவிழியில் ஹெர்பிஸ் ஏறினால் தழும்பு விழுந்து பார்வை குறையும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தெரியாமல் விட்டால் இன்னும் மோசம். இன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும் சரி. கான்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முதலில் அதைக் கழற்றுங்கள். அதே மாதிரி, காய்ச்சலோடு பேச்சுக் குழறல், நடத்தை மாற்றம், வலிப்பு என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவு.

"மாசாமாசம் வருது, சலிச்சுப் போச்சு. ஒரேயடியா நிறுத்த முடியாதா?"

ஒரேயடியாக முடியாது, அடக்கி வைக்கலாம். வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் வருகிறது, அல்லது வரும்போதெல்லாம் முகமே வீங்குகிறது என்றால் தினமும் மாத்திரை போடும் முறை இருக்கிறது. அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை. சில மாதம் போட்டுவிட்டு நிறுத்திப் பார்ப்பார்கள். லைசின் மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். விலை அதிகம், ஆதாரம் குறைவு, நான் வாங்கச் சொல்வதில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன் எந்தத் தேதியில் வந்தது, அந்த வாரம் என்ன நடந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவர் குறித்துப் பார்த்ததில் எல்லாம் மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு வந்திருந்தது. இப்போது அந்த நாளில் டியூபைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

"போன வருஷ டியூப் பாதி இருக்கு. தம்பிக்கும் அதையே போடலாமா?"

ஆளுக்கொரு டியூப். வாயை விரலால் தொட்டு மறுபடி டியூபைத் தொட்டிருப்பீர்கள். தேதி தாண்டியிருந்தால் எறியுங்கள். பல டியூப்களின் பெட்டியில் 25 டிகிரிக்குக் கீழே வை, குளிர்பெட்டியில் வைக்காதே என்று போட்டிருக்கும். நம் ஊர் வெயிலில் அது எங்கே நடக்கும் என்கிறீர்களா? வீட்டிலேயே குளுமையான அலமாரியில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் மட்டும் வைக்காதீர்கள். போன மாதம் ஒருவர் அங்கிருந்து எடுத்துக் காட்டினார், கிரீம் எண்ணெயாக உருகி ஓடியது.